தப்பு சாரின் சிவப்பு மேசை

உலகத்து மாந்தரை இரண்டு வகையில் அடக்கிவிடலாம்: தம் பிழையை மறைப்பவர்கள், பிறர் பிழையைத் தூற்றுபவர்கள். இவ்விரண்டிலும் அடங்காதவராய், எங்கேனும் ஒரு பிழை நேர்ந்தது என்று கேட்டால் பேத்தி பிறந்த செய்தியைக் கேட்டவர்போல் முகம் மலர்ந்த ஒரே மனிதரை நான் அறிவேன். அவர் தப்பு சார். ஸ்ரீபெரும்புதூர் முதல் ஒரகடம் வரை வரிசையாக நிற்கும் தொழிற்சாலைகள் எதை எதையோ நாளொன்றுக்கு ஆயிரக்கணக்கில் வார்த்துத் தள்ளுகின்றன. இவரைப்போல் இன்னொருவரை வார்க்க அவற்றில் ஒன்றாலும் இயலவில்லை.

பெற்றோர் இட்ட பெயர் ஒன்று அவருக்கு இருந்தது. வருகைப் பதிவேட்டைத் தவிர வேறெங்கும் அது வழங்கவில்லை. காலை எட்டு மணிக்கு நோயாளர் கூடத்துக்குள் நுழைவார், மற்றவர்கள் 'சாப்பிட்டாயா' என்று கேட்கும் அதே பரிவோடு, "இன்னாம்மா, இன்னிக்கு இன்னா தப்பு?" என்று செவிலியரைக் கேட்பார். "ஒண்ணும் இல்ல சார்" என்று பதில் வந்தால் அவர் முகம் வாடிவிடும்.

"நல்லா யோசிச்சிப் பாரும்மா. நேத்திலேர்ந்து முப்பது பேரு படுத்துகினு கீறாங்கோ. ஒரு தப்பு கூடவா நடக்கல? இன்னா வார்டும்மா இது."

ஏதோ தாம் சமைத்த விருந்தை உண்ணாமல் எழுந்துவிட்டார்கள் என்பதுபோல் மனம் நொந்து வெளியேறுவார்.

ஒரகடத்திலிருந்து வல்லக்கோட்டை செல்லும் சாலையில், ஒரு காலத்தில் நெல் விளைந்த நிலத்தில் நான்கு மாடிகளோடு எழுந்து நின்றது எங்கள் மருத்துவமனை. வருகிறவர்களில் பெரும்பாலோர் தொழிற்சாலைகளில் வேலை செய்பவர்கள்; அவர்களோடு சுற்றுவட்டாரக் குடும்பங்கள். நான் தரைத்தளத்தில் ஆவணப் பிரிவில் இருந்தேன். அதனால் தப்பு சாருக்கு நான் 'ரெக்கார்டு'. என் பெயரையும் அவர் வருகைப் பதிவேட்டுக்கே விட்டுவிட்டார்.

மருத்துவமனைக்கு அவர் வந்த கதையே ஒரு வேடிக்கை. நிர்வாகத்துக்குத் தரச் சான்றிதழ் ஒன்று தேவைப்பட்டது. சான்றிதழுக்குத் தர அலுவலர் ஒருவர் தேவைப்பட்டார். தரம் என்பது எங்கும் தரமே, பிரேக்காக இருந்தால் என்ன, நோயாளியாக இருந்தால் என்ன என்று பெரியோர் கூடி ஆராய்ந்தனர். வல்லம் வடகால் தொழிற்பேட்டையில் பிரேக் தட்டுகளைச் சோதிக்கும் பணியில் தலை நரைத்து அப்போதுதான் ஓய்வு பெற்றிருந்தவரை அழைத்து வந்து அமர்த்திவிட்டனர்.

வந்த முதல் நாளே மருத்துவமனையில் இருந்த சக்கர நாற்காலிகள் அனைத்தையும் வாயிலில் இருக்கும் சரிவுப் பாதையில் நிறுத்தி, ஒவ்வொன்றாகப் பிரேக்கைப் போட்டுக் கையை விட்டார். அவை ஒன்றன்பின் ஒன்றாகச் சாலையை நோக்கிப் புறப்பட்டன. காவலாளி பின்னால் ஓடினார். தப்பு சார் ஓடவில்லை.

"பிரேக்கு நிக்காத வண்டிக்கு இன்னா பேரு தெரியுமா ரெக்கார்டு?" என்றார். "சறுக்குமரம். பார்க்குல வெக்கணும்."

இரண்டாம் வாரத்தில் ஒரு மேசையைக் கொண்டு வந்து, இரத்தச் சிவப்பில் வண்ணம் அடித்து, மின்தூக்கிக்கு எதிரே போட்டார். அவர் இருந்த தொழிற்சாலையின் வழக்கமாம் அது. முந்தைய நாள் ஒதுக்கப்பட்ட பழுதான தட்டுகளைச் சிவப்பு மேசையில் பரப்பி வைப்பார்கள். மேலாளர் முதல் கூட்டிப் பெருக்குபவர் வரை எல்லாரும் காலையில் ஐந்து நிமிடம் அதைச் சுற்றி நிற்க வேண்டும். பழுது எப்படி நேர்ந்தது என்று மட்டுமே பேச வேண்டும். யாரால் நேர்ந்தது என்று எவரும் வாய் திறக்கலாகாது.

"'யாரு'ன்னு கேட்டின்னா வாயை மூடிக்குவான். 'எப்டி'ன்னு கேட்டின்னா வாயைத் தொறப்பான். அவ்ளோதான் மேட்டரு."

அன்று முதல் மேசையில் வரிசையாக ஏறின: நோயாளி ஒருவரை வழுக்கி விழச் செய்த, அடி தேய்ந்த செருப்பு, உடன்பிறந்த இரட்டையர்போல் ஒரே உருவில் இருந்த இரு வேறு மருந்துப் புட்டிகள், மூடி கழன்று கையைச் சுட்ட வெந்நீர்க் கெட்டில். பக்கத்தில் ஒரு பதிவேடு. எழுதத் தெரியாதவர் சொன்னால் தப்பு சாரே எழுதிக்கொள்வார்.

வருகிறவர்களுக்கு இஃது என்ன மேசை என்று விளங்கவில்லை. ஓர் அம்மையார் கெட்டிலைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, இதே மாதிரி பெரியது இருக்கிறதா என்று கேட்டார். வல்லக்கோட்டை முருகனைத் தரிசித்துவிட்டு நேரே வந்த ஒரு குடும்பம், சிவப்பு நிறத்தைக் கண்டு ஏதோ தெய்வத்தின் இருப்பிடம் என்று கருதி, தேய்ந்த செருப்பின் முன் எலுமிச்சம்பழம் ஒன்றை வைத்து விழுந்து வணங்கியது. மறுநாள் இரண்டு முழம் மல்லிகையும் சேர்ந்தது. தப்பு சார் பூவை எடுத்து வைத்துவிட்டுப் பதிவேட்டில் எழுதினார்: 'தப்பு: மேசை எதற்கு என்று எழுதி வைக்காதது. செய்தது: நான்.' பிறர் பெயரை எழுத மாட்டாரே ஒழிய, தம் பெயரை எழுத அவர் ஒருபோதும் தயங்கியதில்லை.

பலகை எழுதும் பொறுப்பு எனக்கு வந்தது. 'இங்கு வைக்கப்படுவன பிழைகள். காண்பதற்கேயன்றிப் பழிப்பதற்கு அல்ல' என்று எழுதிக் கொடுத்தேன். தரைத்தளத்தைத் துடைத்துக்கொண்டிருந்த துப்புரவுப் பணியாளர் கன்னியம்மா நிமிர்ந்து பார்த்தார்.

"இன்னா சாரே எழுதிக்கீது?"

"யாரையும் திட்டக் கூடாதுன்னு எழுதிக்கீதும்மா" என்றார் தப்பு சார்.

"அதுக்கா இம்மாம் எழுத்து?"

நான் பலகையை எடுத்துக்கொண்டு ஆணி தேடப் போனேன்.

வாரத்தின் சிறந்த தப்பைச் சொன்னவருக்குச் சனிக்கிழமை காலையில் சுடச்சுடப் போண்டா உண்டு. இத்திட்டம் முதல் மாதத்திலேயே சீர்கெட்டது. உணவகத்தின் சமையல் மாஸ்டர், தாம் சுட்ட போண்டாவைத் தாமே பரிசாகப் பெற வேண்டும் என்னும் பேராசையில், வாரந்தோறும் உப்புக்குப் பதில் சர்க்கரை போட்டுவிட்டதாக எழுதத் தொடங்கினார். நான்காம் வாரம் தப்பு சார் அவரைத் தனியே அழைத்தார்.

"மாஸ்டர், உன் உப்புமாவை நான் டெய்லி துன்னுகினுதான் கீறேன். ஒரு நாளும் இனிக்கல. தப்பு பண்ணிட்டுச் சொல்றவன் நல்லவன். பண்ணாத தப்பைச் சொல்றது இன்னா பொழப்பு?"

தவறு செய்யாத குற்றத்துக்காக ஒருவர் தலைகுனிந்து நின்றதை நான் கண்டது அன்று மட்டுமே.

மருத்துவமனையின் தலைமை அறுவை மருத்துவரை எல்லாரும் பெரிய டாக்டர் என்பார்கள். அவர் பதிவேட்டைத் தொட்டதே இல்லை. "என் சர்வீஸ்ல தப்புன்னு ஒண்ணு நடந்ததே கிடையாது" என்று ஒருநாள் கூறினார். தப்பு சார் மிகுந்த அனுதாபத்தோடு அவரைப் பார்த்து, "அப்ப உங்க காதுக்கு வர்றதில்ல சார்" என்றார். அதன்பின் ஒரு திங்கள் வரை பெரிய டாக்டர் மின்தூக்கியைத் தவிர்த்துப் படியேறிச் சென்றார்.

இந்நிலையில்தான் கொரோனா வந்தது.

எங்கள் நிர்வாக அலுவலருக்கு அதற்கு முன்பு எல்லா வேண்டுகோளையும் மறுக்கத் தனித்தனியே காரணம் கண்டுபிடிக்கும் சிரமம் இருந்தது. நோய்த்தொற்று அச்சிரமத்தை அடியோடு நீக்கியது. கழிவறையில் கைப்பிடி ஆடுகிறது: "கொரோனா முடியட்டும்." இருட்டிய படிக்கட்டுக்கு விளக்கு வேண்டும்: "கொரோனா முடியட்டும்." மருந்துப் பெட்டிக்குப் பூட்டு வேண்டும்: "எல்லாம் கொரோனா முடியட்டும் சார், பாத்துக்கலாம்." கொரோனாவின் பெயரைக் கேட்டதும் உலகத்தில் உள்ள மற்றைய நோய்களும் விபத்துகளும் அஞ்சி நீண்ட விடுப்பில் போய்விட்டன என்று அவர் உண்மையாகவே நம்பினார். அந்த நம்பிக்கையில் தரக் குழுவின் கூட்டம் நிறுத்தப்பட்டது. கைகழுவும் சோதனை நிறுத்தப்பட்டது. கூட்டம் கூடுகிறது என்று காரணம் காட்டி, சிவப்பு மேசையும் மின்தூக்கிக்கு எதிரிலிருந்து அகற்றப்பட்டது.

தப்பு சார் நேரே நிர்வாக அலுவலரின் அறைக்குச் சென்றார். ஆவணங்களோடு நானும் அங்கே நின்றிருந்தேன்.

"சார், ஃபேக்டரியில லைன் ஸ்பீடு ஏறுனாத்தான் ரிஜெக்ட்டும் ஏறும். ஸ்பீடு ஏத்திட்டு, இன்ஸ்பெக்டரை வூட்டுக்கு அனுப்புவாங்களா?"

"இது லைன் இல்ல சார். ஹாஸ்பிட்டல். எமர்ஜென்சி டைம்."

"எமர்ஜென்சியில கைகழுவ வாணாமா சார்?"

"சார், ப்ளீஸ். கொரோனா..."

"முடியட்டும். சரி சார்."

அன்று மாலையே மேசை ஆம்புலன்ஸ் கொட்டகையின் அருகே புங்கமரத்தடியில் மீண்டும் தோன்றியது. சுற்றிலும், நியாயவிலைக் கடை வாசலில் போட்டதுபோல் சுண்ணாம்பு வட்டங்கள். வட்டத்துக்கு ஒருவராக, முகக்கவசம் அணிந்து, ஐந்து நிமிடம் நின்று தப்புகளைப் பேச வேண்டும். கட்டடத்துக்குள்தானே தடை, மரத்தடியைப் பற்றிச் சுற்றறிக்கையில் ஒரு சொல்லும் இல்லையே என்றார்.

கைகழுவும் சோதனையையும் அவர் விடவில்லை. நல்ல முறையில் தேய்த்துக் கழுவினாலன்றிப் போகாத ஒரு பொருளை உள்ளங்கையில் பூசிவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு கழுவச் சொன்னால், விடுபட்ட இடம் தானே காட்டிக் கொடுக்கும் என்பது அவர் கருத்து. அப்பொருள் கண்மை என்று முடிவாயிற்று. ஊரடங்கு சற்றே தளர்ந்த ஒரு காலையில், ஸ்ரீபெரும்புதூரில் ஒரு பேன்சி கடையின் பாதி திறந்த கதவுக்கு வெளியே நின்று அவர் இரண்டு டஜன் கண்மை கேட்டார். நான் உடன் போயிருந்தேன்.

"பாப்பாவுக்கா சார்?" என்றார் கடைக்காரர்.

"இல்லப்பா. டாக்டருக்கு."

கடைக்காரர் ஒரு கணம் என்னைப் பார்த்தார். நான் சாலையைப் பார்த்தேன்.

கழுவியபின் எல்லார் கையிலும் கட்டைவிரலின் அடியில் மை நின்றது. செவிலியருக்குக் கொஞ்சம், மருத்துவருக்கு நிறைய, நிர்வாக அலுவலருக்குக் கை முழுதும். கன்னியம்மாவின் கை மட்டும் வெள்ளையாக இருந்தது. பெரிய டாக்டர் தம் கட்டைவிரலை நெடுநேரம் நோக்கினார்.

"மையில ஏதோ பிரச்சினை இருக்கு" என்றார்.

"இருக்கலாம் டாக்டர்" என்றார் கன்னியம்மா. "எங்கிட்ட மட்டும் நல்ல மை மாட்டிக்கிச்சி போல."

இவற்றையெல்லாம் கண்டு சிரித்தவர்களில் நானும் ஒருவன். எட்டாம் கட்டிலின் செய்தி வரும் வரையில் சிரித்தேன்.

இரண்டாம் அலையின்போது மூன்றாம் மாடி முழுவதும் கொரோனா நோயாளர் கூடமாயிற்று. அங்கே பணியில் இருந்தவர்களில் ஸ்டெல்லா ஒருவர். பென்னலூர்ப் பெண், ஒப்பந்தச் செவிலியர். தம்பி வேலை செய்த தொழிற்சாலையில் லைன் நின்றுவிட்டதால், அப்போது அந்த வீட்டில் வேலைக்குச் சென்றவர் அவர் ஒருவரே. ஆடைமேல் ஆடையாகக் கவச உடை அணிந்து, முகத்துக்கு முன்னால் மாட்டிய கண்ணாடித் திரையில் மூச்சுப் படிந்து, பனிமூட்டத்துக்குள் நடப்பவர்போல் அவர்கள் நடமாடிய நாட்கள் அவை.

ஏழாம் கட்டிலில் ரமேஷ் சாஹு. எட்டாம் கட்டிலிலும் ரமேஷ் சாஹு. ஒடிசாவிலிருந்து வந்து ஒரே ஒப்பந்தக்காரரிடம் வேலை செய்து, வல்லத்தில் ஒரே அறையில் தங்கி, ஒரே நாளில் காய்ச்சல் கண்டவர்கள். ஏழாமவருக்கு நீரிழிவு உண்டு, எட்டாமவருக்கு இல்லை. பெயரைக் கேட்டு, தலையசைப்பைக் கண்டு, ஏழாமவருக்கு உரிய இன்சுலினை ஸ்டெல்லா எட்டாமவருக்குப் போட்டுவிட்டார்.

குறிப்புத் தாளில் கையெழுத்திடக் குனிந்தபோது கட்டில் எண் கண்ணில் பட்டது. வேறு எவரும் பார்க்கவில்லை. பார்த்திருந்தாலும் கவச உடைக்குள் இருந்தவர் இன்னார் என்று தெரிந்திராது. ஸ்டெல்லா மூன்று நிமிடத்துக்குள் பணி மருத்துவரை அழைத்து, நடந்ததை நடந்தபடி சொன்னார். உடனே குளுக்கோஸ் ஏற்றப்பட்டது. கால்மணிக்கு ஒருமுறை சர்க்கரை அளவு பார்க்கப்பட்டது. மாலைக்குள் எட்டாமவர் எழுந்து உட்கார்ந்து பிஸ்கட் தின்றார். அவருக்குப் புரியாதது ஒன்றே: திடீரென்று தமக்கு ஏன் இத்தனை உபசாரம்?

அதை அவருக்கு விளக்கியே தீர வேண்டும் என்று தப்பு சார் பிடிவாதம் பிடித்தார். கவச உடை அணிந்து, மூன்றாம் மாடிக்குப் போய், தமக்குத் தெரிந்த இந்தியைத் திரட்டி, "பாயி, ஹமாரா தப்பு" என்று கைகூப்பினார். ரமேஷ் சாஹு பெருந்தன்மையோடு தலையசைத்து, இன்னொரு பிஸ்கட் கேட்டார்.

பணி முடிந்து இறங்கி வந்த ஸ்டெல்லா புங்கமரத்தடியில் ஒரு வட்டத்துக்குள் நின்றார். முகத்தில் கவசம் அழுத்திய தழும்பு. பதிவேடு அவர் முன்னே திறந்து கிடந்தது.

"எழுதுனா அனுப்பிருவாங்க சார்."

"எழுதலேன்னா நாளைக்கு இன்னொரு ரமேஷ் வருவாம்மா. எழுது. உன் வேலைக்கு நான் பொறுப்பு."

"நீங்க எப்டி சார் பொறுப்பேத்துக்குவீங்க? உங்களையே எப்ப அனுப்பலாம்னுதான் பாத்துகினு கீறாங்க."

தப்பு சார் சற்றே யோசித்தார்.

"அதுவும் கரெக்டுதான். ஆனா எழுதும்மா. சொன்னவங்களுக்கு ஒண்ணும் ஆவாதுன்னு இத்தினி நாளா எல்லாருக்கும் வாக்குக் குடுத்துகினு கீறேன். அது பொய்யின்னு ஆச்சின்னா, அப்பறம் ஒருத்தரும் வாயைத் தொறக்க மாட்டாங்க."

ஸ்டெல்லா எழுதினார். எழுதி முடித்துவிட்டு, இனி என்ன செய்ய வேண்டும் என்பதையும் எழுதினார்: பெயரோடு தந்தை பெயரையும் கேட்க வேண்டும். மறுநாள் இருவரிடமும் கேட்டார்கள். இருவர் தந்தையும் ஜகந்நாத். பிறகு ஊர்ப்பெயர் கேட்டார்கள். நல்லவேளையாக ஊர்கள் வேறு. அன்று முதல் அந்த மாடியில் எல்லார் மணிக்கட்டிலும் பெயரும் ஊரும் எழுதிய பட்டை ஏறியது. ஒரே பெயருடையவர்க்கு வெவ்வேறு நிறம்.

இரண்டு வாரம் கழித்துத் தரச் சான்றிதழைப் புதுப்பிக்கும் ஆய்வு வந்தது. ஊரடங்குக் காலம் ஆகையால் ஆய்வாளர் நேரில் வாரார். கைப்பேசிக் காணொளி வழியாக மருத்துவமனையைச் சுற்றிப் பார்ப்பார். இதைவிட மகிழ்ச்சி தரும் செய்தியை நிர்வாக அலுவலர் தம் வாழ்நாளில் கேட்டதில்லை. கைப்பேசி எதைக் காட்டுகிறதோ அதுதானே மருத்துவமனை. வாயில், வரவேற்பறை, முதல் மாடியில் யாரும் படுக்காத, மாதிரிக்காக வைத்த ஓர் அறை, கடைசியில் நிர்வாக அலுவலரின் அறை. இவ்வளவே வழி. தரையில் அம்புக்குறி ஒட்டப்பட்டது. அம்புக்குறியின் இருபுறமும் இரண்டடி அகலத்துக்கு மருத்துவமனை பளபளத்தது.

பிறகு தப்பு சாரையும் என்னையும் அழைத்தார்.

"அந்த ரிஜிஸ்டர்ல அந்த ஒரு பக்கத்த எடுத்துட்டா என்ன சார்?"

"பக்கத்துக்கு நம்பர் போட்டுக்கீது சார்."

"நம்பரை மாத்திப் போட்டுக்கலாமே."

"அப்ப அது ரெண்டு தப்பாப் பூடும் சார்."

நிர்வாக அலுவலர் பெருமூச்சு விட்டார். "சரி, ரிஜிஸ்டர் இருக்கட்டும், யாரும் கேக்கப் போறதில்ல. அந்தப் பொண்ணை மட்டும் ரிலீவ் பண்ணிருவோம். கேட்டா, தப்பு பண்ணவங்க இப்ப இங்க இல்லன்னு சொல்லிக்கலாம். ஆய்வு அன்னிக்குச் சாயங்காலம் லெட்டர்ல கையெழுத்து வாங்கிருங்க."

தப்பு சார் எழுந்து மரத்தடிக்கு நடந்தார். நிர்வாக அலுவலர் என் பக்கம் திரும்பி, ஆய்வாளருக்கு அனுப்ப ஓர் உறுதிமொழி எழுதச் சொன்னார். 'கடந்த காலாண்டில் நோயாளிகளுக்குத் தீங்கு பயக்கத்தக்க பிழை யாதொன்றும் எம் மருத்துவமனையில் நிகழ்ந்திலது' என்று நான் எழுதிக் கொடுத்தேன். இலக்கணம் நோக்கின் அவ்வாக்கியத்தில் ஒரு குறையும் காண இயலாது.

ஆய்வு நாள் வந்தது. கைப்பேசியை யார் ஏந்திச் செல்வது என்று தேர்வு நடந்தது. இளைஞர்கள் கையில் படம் ஆடியது. பல்லாண்டு அளவுகோல் பிடித்த தப்பு சாரின் கையில் இருந்தபோது மட்டும் படம் சுவரில் மாட்டிய ஓவியம்போல் அசையாது நின்றது. வேறு வழியின்றி அவரிடமே அது ஒப்படைக்கப்பட்டது.

ஆய்வாளர் சென்னையில் தம் வீட்டிலிருந்து பேசிய ஓர் அம்மையார். அவருக்குப் பின்னால் குக்கர் சத்தமிட்டது. வாயில் ஆயிற்று, வரவேற்பறை ஆயிற்று. நிர்வாக அலுவலர் பக்கத்தில் நடந்துகொண்டே விளக்கவுரை நிகழ்த்தினார். "பாண்டமிக் டைம்லயும் ஜீரோ எரர் மேடம். ஒரு தப்புகூட இல்ல."

தப்பு சார் நின்றார்.

"மேடம், ஒரு நிமிஷம். லைனை நிறுத்துறேன்."

தொழிற்சாலையில் பழுதைக் கண்டதும் சொல்லும் சொல்லைச் சொல்லிவிட்டு அம்புக்குறியை விட்டு இறங்கினார். பக்கவாட்டுக் கதவைத் திறந்துகொண்டு, படம் சிறிதும் ஆடாமல், புங்கமரத்தை நோக்கி நடந்தார். நிர்வாக அலுவலர் அதிர்ந்து போனார். வாய் திறந்தால் ஆய்வாளர் காதில் விழும். ஆகவே இரு கைகளையும் வீசி, தலையில் அடித்துக்கொண்டு, ஊமைக்கூத்து ஆடியபடியே பின்னால் ஓடினார். கதவருகே கன்னியம்மா தரையைத் துடைத்துக்கொண்டிருந்தார். துடைப்பானின் கட்டை குறுக்கே நீண்டது.

"ஈரம் சாரே. வழுக்கும். வுழுந்தீங்கன்னா மேசையில உங்களத்தான் எடுத்து வெக்கணும்."

நிர்வாக அலுவலர் சுற்றிக்கொண்டு வந்து சேர்வதற்குள் பதிவேட்டின் அந்தப் பக்கம் காணொளியில் விரிந்திருந்தது. ஆய்வாளர் அமைதியாகப் படித்தார். குக்கர்கூட அடங்கியிருந்தது.

"இதை எழுதின நர்ஸ்கிட்ட நான் பேசலாமா?"

நிர்வாக அலுவலர் மூச்சு வாங்கியபடி முன்னால் வந்தார். "மேடம், நாங்க உடனே ஆக்‌ஷன் எடுத்துட்டோம். அவங்க வேலையை விட்டு விலகிட்டாங்க."

"நான் விலகல மேடம்" என்றது ஒரு குரல். "இங்கதான் குந்திகினு கீறேன்."

அன்று பணிக்கு வர வேண்டாம், மாலையில் கையெழுத்திட வந்தால் போதும் என்று ஸ்டெல்லாவுக்குச் சொல்லப்பட்டிருந்தது. அவரோ காலையிலேயே வந்து மரத்தடியில் ஒரு சுண்ணாம்பு வட்டத்தின் நடுவில் அமர்ந்திருந்தார். தப்பு சாரும் அதை எதிர்பார்க்கவில்லை. முதன்முறையாக அவர் கையில் படம் ஆடியது.

"நீங்களா எழுதினது? என்ன நடந்ததுன்னு சொல்லுங்க" என்றார் ஆய்வாளர்.

ஸ்டெல்லா எழுந்து நின்று, தம் பெயரைச் சொல்லி, நடந்ததைச் சொன்னார். கண்ணாடி மங்கியது, பெயர் ஒன்றாக இருந்தது, கட்டில் எண்ணைப் பார்க்கத் தவறியது, எத்தனையாவது நிமிடத்தில் யாரை அழைத்தார் என்பது, தந்தை பெயரும் ஒன்றாகிப்போனது, மணிக்கட்டுப் பட்டை. குரல் முதலில் நடுங்கியது; பட்டையின் நிறங்களுக்கு வந்தபோது நடுக்கம் இல்லை.

"சொன்னதுக்காக யாராவது உங்களைத் திட்டினாங்களா?"

ஸ்டெல்லா நிர்வாக அலுவலரைப் பார்த்தார். பிறகு கைப்பேசியைப் பார்த்தார்.

"இன்னும் இல்ல மேடம்."

மறுமுனையில் சிரிப்பு ஒன்று எழுந்து உடனே அடக்கப்பட்டது. ஆய்வாளர் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"இந்த மாசம் எத்தனையோ ஆஸ்பத்திரியைப் பாத்துட்டேன். எல்லா இடத்துலயும் ஜீரோன்னு ஒரே மாதிரி லெட்டர் அனுப்பியிருக்காங்க. உங்களோட லெட்டர் நல்ல தமிழ்ல இருந்தது, அவ்வளவுதான் வித்தியாசம். ஆறு மாசம் கழிச்சு நான் நேர்ல வருவேன். வரும்போது இதே ஸ்டெல்லாகிட்டதான் பேசுவேன். அவங்க இருப்பாங்கல்ல சார்?"

"கண்டிப்பா மேடம்" என்றார் நிர்வாக அலுவலர். "அவங்க எங்க சொத்து."

அன்று முதல் ஸ்டெல்லாவின் வேலையைப்போல் உறுதியான வேலை அவ்வட்டாரத்தில் எவருக்கும் இருந்ததில்லை. நிர்வாக அலுவலர் நாள்தோறும் மூன்றாம் மாடிக்குத் தொலைபேசியில் அழைத்து, அவர் சாப்பிட்டாரா, உடம்புக்கு ஒன்றும் இல்லையே என்று விசாரித்தார். சான்றிதழ் வந்தது. அதில், பிழைகளை ஒளிக்காமல் பதியும் பண்பாட்டுக்காகத் தனியே ஒரு பாராட்டு வரி இருந்தது. நிர்வாக அலுவலர் அதைச் சட்டமிட்டுத் தம் நாற்காலிக்குப் பின்னால் மாட்டினார். வந்தவர்களிடமெல்லாம், இத்திட்டம் தமக்கு எப்படி உதித்தது என்று விவரித்தார்.

தப்பு சாருக்கும் ஒரு தாள் வந்தது: ஆய்வின்போது குறித்த வழியை விட்டு விலகியமைக்கு விளக்கம் கேட்கும் குறிப்பாணை. அதைத் தட்டச்சு செய்தவனும் நானே. அவர் நிதானமாகப் படித்து, நான்காக மடித்து, சிவப்பு மேசையில் வைத்து, பறக்காமல் இருக்க மேலே ஒரு கல்லையும் வைத்தார்.

அடுத்த திங்கட்கிழமை காலை வட்டங்கள் போதவில்லை. கன்னியம்மா சுண்ணாம்பு கொண்டு வந்து மேலும் சில போட்டார். அதுவரை பதிவேட்டைத் தொட்டிராதவர்கள் வரிசையில் நின்றார்கள். ஆக்சிஜன் குழாயை மாற்றிச் செருகப் போய்க் கடைசிக் கணத்தில் கண்டுகொண்டவர், ஆய்வகத்தில் இரண்டு குப்பிகளுக்கு ஒரே சீட்டை ஒட்டியவர், வரிசையின் இறுதியில் பெரிய டாக்டர். அவர் என்ன எழுதினார் என்று நான் சொல்வதற்கில்லை. பக்கம் முழுவதும் எழுதினார் என்பது மட்டும் தெரியும். அவருக்குப் பின்னால் நான் நின்றேன். என் உறுதிமொழியின் அந்த ஒற்றை வாக்கியத்தை அப்படியே எடுத்தெழுதி, கீழே என் பெயரையும் எழுதிவிட்டு வந்தேன்.

எல்லாரும் கலைந்தபின் தப்பு சார் மரத்தடியில் தனியே அமர்ந்து, தேநீர் குடித்துக்கொண்டே பக்கம் பக்கமாகப் படித்தார். நான் ஏதோ கையெழுத்துக்காகத் திரும்பி வந்தேன். அவர் கண்ணாடியைக் கழற்றி, சட்டை நுனியால் துடைத்து, மாட்டி, மறுபடியும் கழற்றினார். நான் பார்ப்பதைக் கண்டதும் பதிவேட்டை மூடினார்.

"இந்த மாஸ்க்கோட ரோதனைப்பா ரெக்கார்டு. மூச்சு மேல ஏறி ஏறிக் கண்ணாடி மங்கிப் பூடுது."

முகக்கவசம் மேசையின் மேல், தேநீர்க் குவளைக்குப் பக்கத்தில் கிடந்தது. "ஆமாம் சார், எனக்கும் அப்படித்தான்" என்றேன்.